எடை யாருக்கு வேகமாக ஏற வேண்டும்?

குழந்தைக்கு எடை ஏறவில்லையா, பவுடர் பால் கொடு. பெரியவர் மெலிந்துவிட்டாரா, டானிக் வாங்கு, இல்லாவிட்டால் புரோட்டீன் டப்பா வாங்கு. எடையைப் பற்றி நம் வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இங்கேதான் போய் நிற்கிறது. எது சீக்கிரம் எடையைக் கூட்டுமோ அதுவே நல்லது என்ற நம்பிக்கை இதற்குப் பின்னால் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளோ வேறு கதை சொல்கின்றன. குறைமாதத்தில் 1.2 கிலோவுடன் பிறந்த குழந்தைக்கும், காசநோயில் 40 கிலோவுக்கு இறங்கிவிட்டவருக்கும் எடை ஏறுவது உண்மையிலேயே அவசரம். நிறைமாதத்தில் பிறந்து நன்றாகப் பால் குடிக்கும் குழந்தைக்கோ, ஒல்லியாக இருந்தாலும் நோயில்லாத இளைஞருக்கோ அந்த அவசரம் கிடையாது. அவசரம் உள்ள இடத்திலும், எடையை மிக வேகமாக ஏற்றும் வழியே சிறந்த வழி என்று சொல்லிவிட முடியாது. யாருக்கு எந்த வழி என்பதை ஆய்வுகளை வைத்தே எடைபோட்டுப் பார்க்கலாம்.

குறைமாதக் குழந்தைக்கு எந்தப் பால்?

இந்த முடிவை எடுக்க வேண்டிய பெற்றோர் பெரும்பாலும் தயாராக இருப்பதில்லை. பிரசவம் எதிர்பாராமல் முன்னதாகவே நடந்திருக்கும், குழந்தை ஐசியூவில் இருக்கும், தாய்க்கு இன்னும் பால் கட்டியிருக்காது. அந்த நேரத்தில் குழந்தைக்கு எதைக் கொடுப்பது? தாய்க்குச் சுரக்கும் கொஞ்சம் பாலையே பிழிந்து கொடுக்கலாம். தாய்ப்பால் வங்கியிலிருந்து வேறொரு தாயின் பாலை வாங்கிக் கொடுக்கலாம். குறைமாதக் குழந்தைகளுக்கென்றே தயாரிக்கும் பவுடர் பாலைக் கொடுக்கலாம்.

பின்னிரண்டு வழிகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள் பல உண்டு. அவற்றில் 12 ஆய்வுகளை, மொத்தம் 1,879 குழந்தைகளை, 2019இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மறுஆய்வு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. எடை விஷயத்தில் பவுடர் பால்தான் முன்னால் நின்றது. மருத்துவமனையில் இருக்கும் காலத்தில், குழந்தையின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாளொன்றுக்குச் சுமார் 2.5 கிராம் கூடுதலாக ஏறியது. உயரமும் தலைச்சுற்றளவும்கூடச் சற்று வேகமாக வளர்ந்தன.

தராசை மட்டும் பார்ப்பவர் இத்தோடு முடிவெடுத்துவிடுவார். ஆனால் அதே மறுஆய்வில் இன்னொரு கண்டுபிடிப்பும் இருக்கிறது. பவுடர் பால் குடித்த குழந்தைகளிடம் என்இசி என்ற குடல் நோய் ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்தது. குறைமாதக் குழந்தையின் பிஞ்சுக் குடலில் அழற்சி ஏற்பட்டு, குடல் சுவரின் திசு செத்துப்போகும் நோய் இது. சில குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும், சில குழந்தைகள் பிழைப்பதில்லை. நூறு குழந்தைகளுக்குப் பவுடர் பால் கொடுத்தால் கூடுதலாகச் சுமார் மூன்று பேருக்கு இந்த நோய் வரும் என்பதே அந்த மறுஆய்வின் கணக்கு.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிலோவுக்கு 2.5 கிராம் என்ற கணக்கில், 1.2 கிலோ குழந்தைக்கு நாளொன்றுக்குக் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 3 கிராம். ஒரு மாதத்துக்கு 90 கிராம். அந்த 90 கிராமுக்காக ஏற்கும் அபாயம் ஒரு கொடிய குடல் நோய். இத்தனைக்கும், பின்னாளைய வளர்ச்சியிலோ மூளை வளர்ச்சியிலோ பவுடர் பால் குடித்த குழந்தைகள் முந்தியதற்கு அந்த மறுஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை இதில் யோசிக்க அதிகமில்லை: தாயின் சொந்தப் பால் போதாதபோது அடுத்தது வங்கிப் பால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரைகளும் இதே வரிசையைத்தான் சொல்கின்றன. முதலில் தாயின் பால், அது இல்லாவிட்டால் தானமாகப் பெற்ற பால், இரண்டும் கிடைக்காத இடத்தில் பவுடர் பால்.

வங்கிப் பாலில் எடை ஏன் மெதுவாக ஏறுகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, இல்லாவிட்டால் பத்தாவது நாள் தராசைப் பார்த்து மனம் மாறிவிடும். தானம் தருபவர்கள் பெரும்பாலும் நிறைமாதக் குழந்தை பெற்று சில வாரங்களோ மாதங்களோ ஆன தாய்மார்கள். அந்தப் பாலில் புரதம் குறைவு. குறைமாதத்தில் பிரசவித்த தாயின் முதல் வாரப் பாலில் புரதம் இயற்கையாகவே கூடுதலாக இருக்கும். தவிர, கிருமி நீக்குவதற்காக வங்கியில் பாலை 62.5 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைக்கிறார்கள். கொடையாளித் தாய்க்கு எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சிபிலிஸ் பரிசோதனைகளும் செய்கிறார்கள். சூடேற்றும்போது கிருமிகளோடு, கொழுப்பைச் செரிக்க உதவும் நொதியும் நோய் எதிர்ப்புப் பொருள்களில் ஒரு பகுதியும் அழிகின்றன. அதனால் வங்கிப் பால் பாதுகாப்பானதுதான், ஆனால் சொந்தப் பாலுக்கு ஈடாகாது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் முயற்சியில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் வங்கிகள் உண்டு. குழந்தை வேறு மருத்துவமனையில் இருந்தாலும் கேட்டுப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம்.

குறைமாதக் குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம் வரை ஏற வேண்டும் என்று மருத்துவர்கள் எதிர்பார்க்கிறார்கள். தாய்ப்பாலில் மட்டும் இது எட்டாத மிகச் சிறிய குழந்தைகளுக்கு, குறிப்பாக 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு, தாய்ப்பாலில் கலக்கும் சத்துப்பொடி ஒன்று இருக்கிறது. புரதம், கால்சியம், பாஸ்பரஸ் எல்லாம் அதில் சேர்த்திருக்கும். இது பவுடர் பால் அல்ல. தாய்ப்பாலை விட்டுவிடாமல் அதையே செறிவாக்கும் வழி. எடை, தலைச்சுற்றளவு இரண்டும் இதனால் ஓரளவு கூடுகின்றன. என்இசி கூடுவதற்கான வலுவான ஆதாரம் இல்லை. எடை போதவில்லை என்று டாக்டர் சொல்லும்போது, “பவுடர் பாலுக்கு மாறலாமா?” என்று கேட்பதைவிட, “பாலில் கலக்கும் பொடி சேர்க்கலாமா?” என்று கேட்பது நல்ல கேள்வி.

பாலைவிட்டுச் சற்று விலகி இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்குக் காசு செலவில்லை. கொலம்பியாவின் போகோட்டாவில் 1978இல் இன்குபேட்டர் பற்றாக்குறையால் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா ஒரு முறையைத் தொடங்கினார்: தாயின் வெற்று மார்போடு குழந்தையை அணைத்துக் கட்டி வைப்பது. கங்காரு பராமரிப்பு என்று இதைச் சொல்கிறோம். பல காலம், குழந்தை நிலைப்பட்ட பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும் என்று நினைத்தார்கள். 2021இல் வெளியான ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில் (இந்தியாவில் டெல்லி சஃப்தர்ஜங்) 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த 3,211 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். பிறந்தவுடனேயே கங்காரு பராமரிப்பு பெற்றவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். வழக்கமான முறையில் 15.7 சதவீதம். இவ்வளவு தெளிவான வித்தியாசம் வந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டு எல்லாக் குழந்தைகளுக்கும் இதையே கொடுக்கச் சொன்னார்கள். இந்த அணைப்பில் பால் சுரப்பும் கூடுகிறது, எடையும் கூடுகிறது. தந்தையும் பாட்டியும்கூட மாற்றி மாற்றி அணைத்துக்கொள்ளலாம்.

தாயின் பால் வரவேண்டுமானால் பிரசவமான சில மணி நேரத்திலேயே பிழிய ஆரம்பித்து, இரவிலும் விடாமல், ஒரு நாளில் எட்டு முறையாவது பிழிய வேண்டும். முதலில் சில சொட்டுச் சீம்பால்தான் வரும். அந்தச் சொட்டுகளைச் சங்கிலோ பாலாடையிலோ குழாய் வழியாகவோ கொடுத்துவிடுவார்கள். இதையெல்லாம் செய்தும் பால் வராமல், வங்கியும் அருகில் இல்லாமல், பவுடர் பால் கொடுக்க நேர்ந்த தாயை யாரும் குற்றவாளி ஆக்கக் கூடாது. அந்த இடத்தில் பவுடர் பால்தான் குழந்தையின் உணவு. அதைக் கொடுத்தது சரியான முடிவு.

நிறைமாதக் குழந்தை: “பால் பத்தலை”

இங்கே கேள்வியே வேறு. மூன்று கிலோவில் பிறந்த குழந்தை நான்காம் நாளில் 2.8 கிலோ இருந்தால், வீட்டுப் பெரியவர்கள் “பால் பத்தலை, பாட்டில் பால் ஆரம்பிச்சிடலாம்” என்பார்கள். பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை முதல் நாட்களில் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் அது திரும்ப வந்துவிட வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதங்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 முதல் 30 கிராம் வீதம் ஏறினால் போதும். குழந்தை நாளுக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் கழிக்கிறதா என்பதும் நல்ல அறிகுறி.

மூன்று மாதத்துக்குப் பிறகு இன்னொரு சஞ்சலம் வரும். பக்கத்து வீட்டில் பாட்டில் பால் குடிக்கும் குழந்தை கொழுகொழுவென்று முந்திப் போகும். தாய்ப்பால் குழந்தையின் எடை அப்போது சற்று மெதுவாகும், அதுதான் இயல்பான வளர்ச்சி. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து, 2006இல் புதிய வளர்ச்சி அட்டவணையை வெளியிட்டது இதனால்தான். அங்கன்வாடியில் மாட்டியிருக்கும் அட்டவணையின் அடிப்படையும் அதுவே. பக்கத்து வீட்டுக் குழந்தையை விட்டுவிட்டு, நம் குழந்தையின் கோடு அந்த அட்டவணையில் தன் பாதையிலேயே போகிறதா என்று பார்த்தால் போதும்.

வேகமான எடை பின்னாளில் என்ன செய்கிறது என்பதற்கு ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் நடந்த ஒரு ஆய்வு நேரடி விடை தருகிறது. பவுடர் பால் குடிக்கும் குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் புரதம் குறைந்த பாலையும், மற்றதற்குப் புரதம் கூடிய பாலையும் ஓராண்டு கொடுத்தார்கள். கூடுதல் புரதம் குடித்தவர்கள் எடையில் முந்தினார்கள். ஆறு வயதில் பார்த்தபோது அவர்களிடம் உடல் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. பசும்பாலில் புரதம் தாய்ப்பாலைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. முதல் வயதுக்குள் பசும்பாலை முக்கிய உணவாக்க வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உண்மையிலேயே எடை பின்தங்கினால்? இரண்டு வாரத்தில் பிறந்த எடை திரும்பாவிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தை மார்பைச் சரியாகப் பற்றுகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். தேவைப்பட்டால் பிழிந்த பாலோ, அதுவும் போதாவிட்டால் அளவாகப் பவுடர் பாலோ, தாய்ப்பாலை நிறுத்தாமலே கூடுதலாகத் தரலாம். பவுடர் பாலுக்கு விளம்பரம் செய்வதை இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003இல் வந்த திருத்தமும் தடை செய்திருக்கின்றன. இந்த முடிவில் விற்பவரின் குரல் கேட்கக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

காசநோயாளிக்கு மருந்து மட்டும் போதுமா?

பெரியவர்களுக்கு எடை ஏறுவதைப் பற்றிய மிக முக்கியமான ஆய்வுகளில் இரண்டு இந்தியாவில் நடந்தவை. முதலாவது நம் சென்னையில். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும், அதனால்தான் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அப்போது காசநோய் என்றால் சானடோரியம்: ஓய்வு, நல்ல காற்று, சத்தான சாப்பாடு. மருந்து வந்துவிட்ட பிறகும் இதெல்லாம் தேவையா என்று பார்க்க, சென்னையின் ஏழை நோயாளிகளில் பாதிப் பேரை வீட்டிலேயே வைத்தும் மீதிப் பேரைச் சானடோரியத்தில் சேர்த்தும் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு மோசம், வீடு நெரிசல், பலர் வேலைக்கும் போனார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை நன்றாகவே கூடுதலாக ஏறியது. ஆனால் 1959இல் வெளியான முடிவில், கிருமி நீங்கிக் குணமாவதில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டு வீட்டுச் சிகிச்சை வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. ஏழைகளை ஊருக்கு வெளியே மாதக்கணக்கில் அடைத்து வைக்காமல் குணப்படுத்தலாம் என்று நிரூபித்த ஆய்வு இது.

அதன் பக்க விளைவாக, “சாப்பாடு முக்கியமில்லை, மாத்திரையே போதும்” என்ற எண்ணமும் பரவியது. அது சரியல்ல என்று காட்டியது ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வு. டாக்டர் அனுராக் பார்கவாவும் டாக்டர் மாதவி பார்கவாவும் முன்னின்று நடத்தியது. நான்கு மாவட்டங்களில் 2,800 காசநோயாளிகள். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் எடை குறைந்தவர்கள், ஏறக்குறைய பாதிப் பேருக்கு பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்) 16க்கும் கீழே. எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பை கொடுத்தார்கள்: அரிசி, பருப்பு வகை, பால் பவுடர், எண்ணெய். கூடவே விட்டமின் மாத்திரை. முதல் இரண்டு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதம் ஏறியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்பது வெறும் 2 கிலோ.

இந்த 61 சதவீதத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். நோயாளிகள் எல்லோருக்குமே உணவு கொடுத்ததால், எடை ஏறியவர் பிழைத்தார் என்றுதான் இதிலிருந்து சொல்ல முடியும். உணவு மட்டுமே பிழைக்க வைத்தது என்று அறுதியிட முடியாது, நோய் லேசாக இருந்தவருக்கு எடையும் எளிதாக ஏறியிருக்கலாம். குடும்பத்தாரைப் பற்றிய பகுதிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே சில இடங்களில் வீட்டாருக்கும் அரிசி, பருப்பு கொடுத்தார்கள், சில இடங்களில் கொடுக்கவில்லை. எந்த இடத்துக்கு எது என்று குலுக்கல் முறையில்தான் முடிவானது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உறவினர்களைத் தொடர்ந்து பார்த்ததில், உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது.

சென்னை ஆய்வும் ஜார்க்கண்ட் ஆய்வும் மோதுகின்றனவா? நான் அப்படி நினைக்கவில்லை. முதலாவது கிருமியை ஒழிப்பதைப் பற்றியது, அதை மருந்து செய்துவிடுகிறது. இரண்டாவது, மருந்து வேலை செய்து முடியும் வரை நோயாளி உயிரோடு இருப்பதையும் வீட்டில் அடுத்தவருக்கு நோய் வராமல் தடுப்பதையும் பற்றியது. மருந்தை விட்டுவிட்டுச் சாப்பாட்டை நம்புவது ஆபத்து, மருந்து போதும் என்று பட்டினி கிடப்பதும் ஆபத்து.

அப்படியானால் எதில் செலவழிப்பது? காசநோயாளியின் சத்துணவுக்கு அரசு பணம் தரும் நிக்ஷய் போஷண் திட்டத்தில் 2018 முதல் மாதம் 500 ரூபாய் வந்தது, 2024 நவம்பரில் அது 1,000 ஆனது. அந்தப் பணத்தில் ஒரு டப்பா புரோட்டீன் பவுடரோ சில பாட்டில் டானிக்கோ வாங்கலாம். அதே பணத்தில் பருப்பு, முட்டை, வேர்க்கடலை, எண்ணெய் என்று ஒரு மாதத்துக்கு வாங்கலாம். ஜார்க்கண்டில் கொடுத்ததும் இப்படிப்பட்ட சாதாரண உணவுதான். டப்பாவைவிட இதற்கே என் ஓட்டு. வீட்டார் எல்லோரும் ஒரே பானையில் சாப்பிடும்போது நோயாளியின் பங்கு குறையும் என்பது உண்மை. அதனால்தான் வீட்டாருக்கும் சேர்த்துக் கொடுத்த அந்த ஆய்வின் வடிவம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

எலும்பும் தோலுமாகிவிட்டவருக்கு மட்டும் எச்சரிக்கை தேவை. நெடுநாள் பட்டினியில் இருந்த உடலுக்கு ஒரேயடியாக நிறையச் சாப்பாடு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பரஸ் திடீரென்று சரிந்து இதயத்தையும் மூச்சையும் பாதிக்கலாம். அப்படிப்பட்டவரை மருத்துவமனையில் வைத்து அளவாகத் தொடங்க வேண்டும். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ இதைத்தான் செய்கிறது: நோய் கண்டறிந்த உடனேயே எடை, உயரம், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு, எழுந்து நிற்க முடிகிறதா என்பதைப் பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது காசநோய் என்றால் முதல் நாளே எடையையும் உயரத்தையும் எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

நோயில்லாத ஒல்லியானவர்

இவருக்குச் சொல்ல அதிகமில்லை. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய பிரிட்டிஷ் நண்பர் ஜான் யுட்கினும் 2004இல் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே, 22.3. யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். பார்க்க ஒல்லியாக இருக்கும் நம் உடலில் ஏற்கெனவே கொழுப்பு கூடுதலாக இருக்கலாம். அதன்மேல் இன்னும் கொழுப்பை ஏற்றுவது சர்க்கரை நோய்க்கு வழிவிடுவதுதான்.

2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 25 பேரை எட்டு வாரம் ஆய்வுக்கூடத்திலேயே தங்க வைத்துத் தேவைக்கு மேல் சாப்பிட வைத்தார்கள். புரதம் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கு எடை 3 கிலோவுக்குச் சற்று மேல் ஏறியது, போதிய புரதம் சாப்பிட்டவர்களுக்கு 6 கிலோ. எடையை மட்டும் பார்த்தால், இரண்டாவது பிரிவுக்கே கொழுப்பு கூடுதலாக ஏறியது என்று தோன்றும். ஆனால் ஏறிய கொழுப்பு எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றே. புரதம் குறைந்தவர்களுக்குத் தசை குறைந்திருந்தது, மற்றவர்களுக்குத் தசையும் கூடியிருந்தது. எடை கூட்ட வேண்டும் என்றால் சாதத்தையும் இனிப்பையும் கூட்டுவதைவிட, ஒவ்வொரு வேளையும் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் என்று ஏதாவது சேர்த்து, வாரத்தில் சில நாள் பளு தூக்கும் பயிற்சி செய்வதே சரி. அப்படிச் சாப்பிட முடிந்தவருக்குப் புரோட்டீன் பவுடர் தேவையில்லை.

‘எடை கூட்டும் மாத்திரை’ என்று கடைகளில் சீட்டு இல்லாமல் விற்பதை மட்டும் வாங்கவே வேண்டாம். அவற்றில் பசியைத் தூண்டும் சைப்ரோஹெப்டடினோ, டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டோ இருக்கலாம். ஸ்டீராய்டு முகத்தை உப்ப வைக்கும், நீரையும் கொழுப்பையும் ஏற்றும், தசையைக் கரைக்கும், சர்க்கரையையும் கூட்டும். ஏற்கெனவே வாரக்கணக்கில் சாப்பிட்டுவிட்டவர் தானாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. அந்தக் காலத்தில் உடலின் சொந்த ஸ்டீராய்டு சுரப்பு அடங்கியிருக்கும், திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனால், அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்.